ஒரே நாளில் மொகலாயர் சரித்திரமா?

டில்லிக்குச் செல்லும் பிரயாணிகள் தங்கள் யாத்திரையில் ஒரு பகற்பொழுதை ஆக்ராவுக்கென ஒதுக்கிவைப்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. 2012-ம் வருஷத்தில் 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச் சாலை திறக்கப்பட்டதும், 2016-ம் வருஷத்தில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கதிமான் ரயில் விடப்பட்டதும் இவ்வழக்கத்தை ஊர்ஜிதப்படுத்தின. விடியுமுன் டில்லியைவிட்டுப் புறப்படுவது, காலையில் தாஜ்மஹால், அதன்பின் ஆக்ராக் கோட்டை, பிற்பகலில் சலவைக்கல் சாமான்கள் விற்கும் கடை ஒன்று, பொழுது மிகுந்திருந்தால் ஃபத்தேபூர் சிக்ரி, இரவு மீண்டும் டில்லி. இதுவே வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் சுற்றுலா என்று விற்கப்படும் பண்டமாகும். இதனைச் சாதாரண உல்லாசப் பிரயாண விஷயமென்று நமது நேயர்கள் தள்ளிவிடலாகாது. தேசத்தின் சரித்திரம் ஜனங்களுக்கு எவ்வாறு போதிக்கப்படுகிறது என்ற பெரிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

காரணம் சொல்லுவோம். 2023-ம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் பாடப்புத்தக ஸ்தாபனம், பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி, பன்னிரண்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்திலிருந்து மொகலாய அரசவைகளைப் பற்றிய அத்தியாயத்தை நீக்கிவிட்டது. அதற்கு ஆறு வருஷங்களுக்கு முன், 2017-ல், உத்தரப் பிரதேசச் சுற்றுலா இலாகா வெளியிட்ட ஒரு கையேட்டில் தாஜ்மஹாலின் பெயரே காணப்படாமல் பெரும் விவாதம் எழுந்தது. பள்ளிக்கூடத்தில் குறைத்துச் சொல்லப்படும் விஷயத்தை வாலிபன் ஒருவன் வேறெங்கே கற்பான்? கோட்டை வாசலில் தன்னை எதிர்கொள்ளும் வழிகாட்டியிடமே கற்பான். ஆகவே அவ்வழிகாட்டி இன்று தேசத்தின் உபாத்தியாயர்களில் ஒருவராகிவிட்டார். அவர் கூறுவது மெய்யா, பொய்யா என்று விசாரிக்க வேண்டியது பொதுஜனங்களின் கடமை.

தாஜ்மஹாலின் வாயிலில் பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் கதை, அக்கட்டடம் முடிந்தவுடன் ஷாஜஹான் சக்ரவர்த்தி சிற்பிகளின் கைகளை வெட்டிவிட்டார் என்பது. நியாயஸ்தலத்தில் இவ்வழக்கை விசாரித்தால் என்ன தீர்ப்புக் கிடைக்கும்? அக்காலத்துச் சரித்திர ஆசிரியர் ஒருவரும் இதைக் கூறவில்லை. மாறாக, பிரதான சிற்பியென மதிக்கப்படும் லாஹூர் உஸ்தாத் அஹமத், தாஜின் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1639-ல் அஸ்திவாரமிடப்பட்டு 1648-ல் முடிந்த டில்லிச் செங்கோட்டையின் வேலையிலும் ஈடுபட்டிருந்தார். அவர் புதல்வரே இவ்விரண்டு கட்டடங்களையும் தம் தகப்பனார் கட்டியதாக எழுதிவைத்திருக்கிறார். சலவைக்கல்லில் எழுத்துக்களைப் பொறித்த அமானத்கான் தமது பெயரைத் தாஜிலேயே வருஷத்துடன் கையொப்பமிட்டிருக்கிறார். கல் தச்சர்கள் தங்கள் குறிகளைக் கற்களில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். கையொப்பமிட அனுமதித்த அரசன் கையை வெட்டினான் என்பதை எந்த நீதிபதி நம்புவார்?

இரண்டாவது கதை, யமுனையின் அக்கரையில் ஷாஜஹான் தமக்கென ஒரு கருப்புத் தாஜ் கட்ட எண்ணினார் என்பது. இதற்கு மூலம் டவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரியின் பிரயாண நூல். அக்கரையிலுள்ள மேஹ்தாப் பாக் என்னும் இடத்தைப் புதைபொருள் இலாகாவினர் 1990-களில் தோண்டிப் பார்த்தபோது அகப்பட்டது ஒரு பூந்தோட்டமும் எண்கோணத் தடாகமுமே. கருஞ்சலவைக்கல் மாளிகையின் அஸ்திவாரம் எதுவும் அகப்படவில்லை. நிலவொளியில் தாஜின் நிழல் விழுந்து தோன்றுவதற்கென அமைந்த அத்தடாகம், கற்பனைக் கட்டடத்தைக்காட்டிலும் அழகான உண்மையாகும். எனினும் ஒருநாள் சுற்றுலாவில் வருவோர் அக்கரைக்குச் செல்வதே அரிது. கதையை மட்டும் கேட்டுத் திரும்புகிறார்கள்.

மூன்றாவது கதை சமீப காலத்ததும், முந்திய இரண்டைக் காட்டிலும் அபாயமானதுமாகும். தாஜ்மஹால் ஆதியில் ஓர் இந்து ஆலயம் என்றும், அதன் அடித்தளத்திலுள்ள அறைகளில் அதற்கு ருசு மறைந்திருக்கிறதென்றும் கூறுவோர் உளர். இவ்வாதத்தை முன்வைத்த மனு 2000-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டில் தள்ளப்பட்டது. 2017-ல் புதைபொருள் இலாகாவே ஆக்ரா கோர்ட்டில் அது சமாதி என்று பதில் மனு அளித்தது. 22 அறைகளைத் திறக்கவேண்டுமென்ற கோரிக்கையை 2022 மே மாதத்தில் அலகாபாத் ஹைக்கோர்ட்டும், பின்னர் சுப்ரீம் கோர்ட்டும் நிராகரித்தன. இவ்விஷயத்தில் மெய்யான அம்சம் ஒன்றுண்டு. அதை மறைக்கவும் வேண்டியதில்லை. அந்நிலம் அம்பர் நாட்டு ராஜா ஜெயசிங்குக்கு உரியதாயிருந்தது. அதற்கு ஈடாகச் சக்ரவர்த்தி அவருக்கு வேறு மாளிகைகளை அளித்தார். அதற்குரிய 1633-ம் வருஷத்து அரசாணை இன்றும் இருக்கிறது. நிலம் கைமாறியதற்குப் பத்திரம் இருக்கும்போது, கோயில் இடிக்கப்பட்டதாகக் கதை கட்டுவது சரித்திரத்துக்கும் அடுக்காது, சட்டத்துக்கும் அடுக்காது.

நமக்குச் செவிக்கினிமையான பொய்களையும் நாம் விட்டுவைக்கலாகாது. கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு தாஜை இடித்துச் சலவைக்கல்லை ஏலம்போட எத்தனித்தார் என்ற கதையைத் தேசாபிமானிகள் பலர் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். ஆக்ராக் கோட்டையின் ஸ்நான மண்டபத்துச் சலவைக்கற்கள் அவர் காலத்தில் ஏலம் போடப்பட்டது மெய். அதிலிருந்தே தாஜைப் பற்றிய வதந்தி பிறந்தது. அந்நிய ஆட்சியின்மீது சுமத்துவதற்கு உண்மையான குற்றங்கள் இல்லையா? 1857-ம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப்பின் டில்லிச் செங்கோட்டையினுள் இருந்த அரண்மனைப் பகுதிகளில் பெரும்பாகத்தை இடித்துப் பட்டாளத்தாருக்கு வசிப்பிடம் கட்டியது யார்? அந்த அரண்மனையின் திவானி காஸ் மண்டபத்திலேயே 1858-ல் கடைசி மொகலாயராகிய பகதூர்ஷாவைக் குற்றவாளியாக நிறுத்தியது யார்? ருசுவுள்ள குற்றச்சாட்டு இருக்க, ருசுவில்லாததைக் கையாள்வது நல்ல வழக்கையும் கெடுத்துவிடும்.

ஃபத்தேபூர் சிக்ரியிலும் இவ்வாறே. அக்பர் 1571 முதல் 1585 வரை தலைநகராக வைத்திருந்த ஊர் அது. தண்ணீர்ப் பஞ்சத்தால் ஒரே இரவில் கைவிடப்பட்டதென்று பிரயாணிகளுக்குச் சொல்லப்படுகிறது. வடமேற்கு எல்லை விவகாரங்களை நேரில் கவனிக்கும்பொருட்டு அக்பர் லாஹூருக்குத் தம் வாசத்தை மாற்றிக்கொண்டார் என்பது சரித்திரம் அறிந்தோர் காட்டும் காரணம். ஜோதாபாய் அரண்மனை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அக்பர் மணந்தது அம்பர் ராஜா பார்மலின் குமாரத்தியை. அவர் மரியம் உஸ் ஸமானி என்ற பட்டம் பெற்றவர். அக்பர் காலத்து நூல்களில் அவருடைய மனைவிக்கு ஜோதாபாய் என்ற பெயர் காணப்படவில்லை. பல மதத்தாரையும் அழைத்து அக்பர் தர்க்கம் நடத்திய இபாதத் கானா 1575-ல் இங்கே எழுந்தது. இக்காலத்துக்கு மிகவும் அவசியமான அப்பாடத்தைச் சொல்லிக்கொடுக்க மட்டும் அவகாசம் கிடைப்பதில்லை. ஆக்ராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரை, நேரமில்லையென்று அட்டவணையிலிருந்து அடித்துவிடுவதே பல வண்டிக்காரருக்குச் சௌகரியமாயிருக்கிறது.

இதற்கெல்லாம் வழிகாட்டிகளையே குற்றவாளிகளாக்குவது அநீதியாகும். அவர்களில் மொகலாயர் காலத்தை ஆழ்ந்து படித்த உத்தமர்கள் உண்டு. அவர்களைக் கெடுப்பது அவர்கள் பிழைக்கும் முறை. பிரயாணி கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பாகம் ஏற்பாடு செய்யும் கம்பெனிக்குப் போய்விடுகிறது. வழிகாட்டியும் வண்டியோட்டியும் கடைக்காரர் தரும் கமிஷனை எதிர்பார்த்து நிற்கும்படி நேருகிறது. தாஜினுள் நிற்கும் நேரத்தைச் சுருக்கிக் கடையினுள் நிற்கும் நேரத்தை நீட்டுவதில் அவர்களுக்கு லாபம். அந்தக் கமிஷனைக் கொடுப்பதற்காகக் கடைக்காரர் விலையை ஏற்றுகிறார். சில இடங்களில் மாக்கல்லைச் சலவைக்கல் என்றும் விற்கிறார். தாஜின் சுவர்களில் மணிக்கற்களைப் பதித்த பச்சிகாரி வேலையை இன்றும் கைவிடாது செய்துவரும் ஆக்ராத் தொழிலாளிக்கோ, பட்டறையில் உட்கார்ந்து கண்ணொளி மழுங்கியதே மிச்சம்.

ஆக்ரா நகரத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் வேறொன்றும் உண்டு. 1996-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பின்படி, தாஜைச் சுற்றியுள்ள சுமார் 10,400 சதுர கிலோமீட்டர் பிரதேசத்தில், நிலக்கரி எரித்துவந்த 292 தொழிற்சாலைகள் இயற்கை வாயுவுக்கு மாறவேண்டும் அல்லது வேறிடம் செல்லவேண்டும் என்று விதிக்கப்பட்டது. சலவைக்கல் மஞ்சளாவதைத் தடுப்பதற்கு அது அவசியமான தீர்ப்பென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. தொழிலாளருக்குச் சில பாதுகாப்புகளையும் அத்தீர்ப்பு ஏற்படுத்தியது. ஆயினும் உலகம் கண்டு மகிழும் ஒரு கட்டடத்துக்காகத் தன் உலைகளை அணைத்துக்கொண்ட ஊர், அக்கட்டடத்தைக் காண வருவோரால் பிழைக்க வேண்டாமா? ஒருநாள் பிரயாணி அங்கே இரவு தங்குவதில்லை. பணத்தை டில்லியிலேயே கட்டிவிடுகிறான். டில்லி வண்டியிலேயே வந்து திரும்புகிறான். ஆக்ராவுக்கு மிஞ்சுவது நெரிசலும் குப்பையுமே.

யமுனையின் கதி இன்னும் பரிதாபகரமானது. நதி வற்றி, சாக்கடை நீர் கலந்து, அதில் பெருகும் பூச்சிகள் தாஜின் நதிப்புறச் சுவரில் பச்சைக் கறை படியச் செய்தது 2016-ல் நாடெங்கும் பிரஸ்தாபிக்கப்பட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டார், தாஜைப் பாதுகாப்பதில் அதிகாரிகள் காட்டும் அசிரத்தையை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அதே வருஷத்தில் பிரயாணி மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கலாகாது என்ற விதியும், பிரதான சமாதி மண்டபத்துக்குச் செல்ல 200 ரூபாய் அதிகக் கட்டணமும் ஏற்பட்டன. கூட்டத்தைக் கட்டுப்படுத்த இவை உதவும். ஆனால் 50 ரூபாய்ச் சீட்டில் குடும்பத்துடன் வரும் ஏழைப் பிரஜை சமாதியைப் பார்க்காமலே திரும்பும்படியான ஏற்பாடு ஜனநாயகத்துக்கு ஏற்றதாகுமா என்பதைச் சர்க்கார் யோசிக்கவேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன நான்கு. முதலாவது, லைசென்ஸ் பெற்ற வழிகாட்டிகளுக்குப் புதைபொருள் இலாகாவும் சர்வகலாசாலைகளும் சேர்ந்து காலாகாலத்தில் பயிற்சியளிக்கவேண்டும். எது ஆதாரமுள்ளது, எது கர்ணபரம்பரை என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் அப்பயிற்சியின் முதற்பாடமாக வேண்டும். கதையைக் கதையென்று சொல்லி மகிழ்விப்பதை யாரும் ஆக்ஷேபிக்கமாட்டார்கள். இரண்டாவது, வழிகாட்டிக்கு நியாயமான கூலியை விதித்து, கடைக் கமிஷனை ஒழிக்கவேண்டும். மூன்றாவது, கட்டடங்களின் விவரங்களை நாட்டின் பிரதான பாஷைகளிலெல்லாம் எழுதிவைக்கவேண்டும். சென்னையிலிருந்து ரயிலேறி இரண்டு இரவு கழித்து ஆக்ரா கண்டோன்மெண்டில் இறங்கும் தமிழர், புரியாத பாஷையில் சொல்லப்படுவதைத் தலையாட்டிக் கேட்டு வரவேண்டிய அவசியமென்ன? நான்காவது, ஆக்ராவில் ஓர் இரவாவது தங்கும்படியான சௌகரியங்களைப் பெருக்கவேண்டும். நூர்ஜஹான் தம் தகப்பனாருக்குக் கட்டிய இதிமாத் உத்தௌலா சமாதியும், சிக்கந்தராவிலுள்ள அக்பரின் சமாதியும், மேஹ்தாப் பாக் தோட்டமும் அப்பொழுதுதான் கண்ணில் படும்.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திராமல் நமது நேயர்கள் இப்பொழுதே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்த முறை கோட்டை வாசலில் ஒரு கதையைக் கேட்கும்போது, “ஐயா, இதற்கு ஆதாரம் என்ன?” என்று மரியாதையாகக் கேளுங்கள். கற்றறிந்த வழிகாட்டி அக்கேள்வியால் மகிழ்வார். கல்லாதவர் அடுத்த முறை படித்துக்கொண்டு வருவார். 1945-ல் நேதாஜியின் சேனை வீரர்கள் விசாரிக்கப்பட்டதும், 1947 ஆகஸ்டில் சுதந்திரக் கொடி ஏற்றப்பட்டதும் மொகலாயர் கட்டிய ஒரு கோட்டையிலேயே என்பதை மறத்தலாகாது. அந்தக் கற்களை அடுக்கியவர்கள் நம் நாட்டுத் தொழிலாளர்கள். அவற்றின் சரித்திரம் நம் சொத்து. சொத்தின் பத்திரத்தில் பொய் எழுதுவோரிடம் அதை ஒப்படைத்துவிட்டுப் பேசாதிருப்பது, சுதந்திர ஜனங்களுக்குத் தகாது.