ஹீட்டரில் ஜில்லுனு காத்து வருதா? தண்ணி ஊத்திட்டு அப்படியே கிளம்பாதீங்க!

"திருச்சியில எதுக்கு சார் கார் ஹீட்டர்?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். மார்ச் பிறந்தாலே மண்டை காயும் ஊர். ஏசி குமிழின் நீலப் பக்கம் தேய்ந்திருக்கும், சிவப்புப் பக்கத்தை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இன்ஜின் ஒருமுறை ஓவர் ஹீட் ஆகி, ஒர்க்‌ஷாப் போய்த் திரும்பிய காரில் அந்தச் சிவப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். குளிருக்காக அல்ல. இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காசு வாங்காமல் சொல்லும் ஆள் அந்த ஹீட்டர்தான்.

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. இன்ஜினைச் சுற்றிச் சூடாகும் கூலன்ட்டில் ஒரு பகுதி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர் வழியாகப் போய்வரும். அதன் மேல் ஃபேன் காற்றை அடிக்கும், உள்ளே சூடான காற்று வரும். அவ்வளவுதான். அப்படியென்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஹீட்டரில் ஜில்லென்று காற்று வந்தால் என்ன அர்த்தம்? பெரும்பாலும், சூடான கூலன்ட் அங்கே வந்து சேரவில்லை என்று அர்த்தம். அளவு குறைந்திருக்கலாம், குழாய்க்குள் காற்று அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் சுற்றாமல் இருக்கலாம்.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் பக்கமோ, சிந்தாமணியிலிருந்து மாம்பழச்சாலை போகும் காவிரிப் பாலத்திலோ காரில் மாட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். வண்டி ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது, ஃபேனை மட்டும் நம்பியிருக்கும். கூடவே ஏசி வேறு ஓடும். அந்த நேரத்தில் முள் மேலே ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்து பாருங்கள். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. அனல் அடித்தால் இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் வெளியேறுகிறது, ஓரங்கட்ட இடம் தேடும் அளவுக்கு அவகாசம் கிடைக்கும். ஜில்லென்று காற்று வந்தால் அந்த அவகாசமும் இல்லை. அங்கேயே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. வெப்பத்தைக் காட்டும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் வடிந்துபோனால் முள் இறங்குவதுபோலத் தெரியலாம். "அப்பாடா, சூடு குறைஞ்சிடுச்சு" என்று ஓட்டிப் போய் இன்ஜினைத் தீய்த்துக்கொள்வது இப்படித்தான். பல சின்ன கார்களில் இப்போது முள்ளே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். சிவப்பு எரியும்போது பெரும்பாலும் விஷயம் கைமீறிவிடுகிறது.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. குக்கர் மாதிரிதான் அது. அழுத்தம் இருக்கும் வரை உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

'தண்ணி ஊத்திட்டேன், ஓட்டுங்க'

எனக்குக் கோபம் வருவது இதற்குப் பிறகு நடக்கும் வேலையில்தான். தெருமுனை மெக்கானிக்குகளில் பலர் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓவர் ஹீட் என்று வண்டி வந்தால் இரண்டு வைத்தியங்கள் பழக்கமாகிவிட்டன.

முதலாவது, பைப் தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகுவது. வழியில் மாட்டிக்கொண்டால் எந்தத் தண்ணீரையும் ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை வரலாம், தப்பில்லை. அதோடு விட்டுவிடுவதுதான் தப்பு. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவம் ரேடியேட்டருக்குள்ளும் படியும். ஹீட்டரின் மெல்லிய குழாய்கள் அதில் எளிதாக அடைபடும். "காவிரித் தண்ணிதானே சார்" என்பது குடிப்பதற்குச் சரி. துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் கூலன்ட் செய்யும் வேலை, வெறும் தண்ணீருக்கு அது வராது. தவிர, ஊற்றும்போது உள்ளே சிக்கும் காற்றை வெளியேற்றாவிட்டால் அது உயரமான இடமாகப் பார்த்துத் தங்கிக்கொள்ளும். பல கார்களில் அந்த உயரமான இடம் ஹீட்டர்தான். மெக்கானிக்குகள் இதைத்தான் ஏர் லாக் என்பார்கள்.

இரண்டாவது, "நம்ம ஊரு சூட்டுக்கு தெர்மோஸ்டாட் தேவையில்ல சார்" என்று கழற்றிப் போடுவது. நம் ஊரில் எத்தனை வெயில் அடித்தாலும் காற்று 40 டிகிரி சொச்சம். இன்ஜின் நன்றாக ஓட வேண்டியது ஏறக்குறைய 90 டிகிரியில். அங்கே கொண்டுபோய் நிறுத்தும் கதவுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றினால் பைபாஸில் ஓடும்போது இன்ஜின் அரைச்சூட்டிலேயே இருக்கும், எரிபொருள் கூடும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றி, சூடு இன்னும் ஏறும். அது மூடியபடி சிக்கிக்கொண்டதால் ஓவர் ஹீட் ஆகியிருந்தால், புதுசு போடுவதுதான் வைத்தியம். பெரிய விலையும் இல்லை.

இப்படி ஒப்பேற்றிய வண்டி திருச்சிக்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும். டிசம்பர் லீவில் வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். குழந்தை குளிருது என்று ஹீட்டரைப் போட்டால் வெறும் காற்று. அதைவிட மோசம், ஏற்றத்தில் மறுபடி முள் ஏறுவது.

கேஸ்கட் போயிருக்குமோ?

எல்லோரும் பயப்படும் கேள்வி. கூலன்ட் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டே போகிறதா, இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை வருகிறதா, ஆயில் பால் கலந்த காபிபோல இருக்கிறதா, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி நிற்காமல் வருகிறதா - இதில் எது இருந்தாலும் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படலாம். சிலிண்டரின் காற்று கூலன்ட்டில் கலப்பதால்தான் ஏர் லாக்கை எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வரும், ஹீட்டர் திரும்ப ஜில்லென்று ஆகும். கூலன்ட்டில் எரிபுகை கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

கேஸ்கட்டுக்குப் போகும் முன் இன்னொரு எளிய சோதனையும் இருக்கிறது. ஹீட்டருக்குள் போய்வரும் இரண்டு ஹோஸ்களை, ஃபேனில் கை மாட்டாமல், துணி சுற்றித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சூடு என்றால் கூலன்ட் வருகிறது, டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் தகடு சிக்கியிருக்கிறது. அது இன்ஜினுக்கு ஆபத்தில்லாத கோளாறு. ஒன்று சூடு, ஒன்று ஜில் என்றால் ஹீட்டருக்குள் அடைப்பு அல்லது காற்று. இரண்டுமே ஜில் என்றால் கூலன்ட் அங்கே வரவே இல்லை. வண்டியை வாங்காதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒர்க்‌ஷாப்பிலேயே கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். "என்ன சார், இந்த வெயில்ல?" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மறுநாள் காலை, வண்டி எடுப்பதற்கு முன், கூலன்ட் டப்பாவில் அளவுக்கோடு எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை. நேற்று இருந்ததைவிட இறங்கியிருந்தால் நேராக அதே ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு போன்.