பௌர்ணமிக்கு மறுநாள்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை எங்கள் திருவண்ணாமலையைப் பார்த்திருக்கிறீர்களா? வெளியூர் நண்பர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். கிரிவலம் முடித்து, விடியற்காலையில் பஸ்ஸோ ரயிலோ பிடித்து, பாதி வழி தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பார்ப்பவர்கள் நாங்கள்தான். மாட வீதியெல்லாம் தண்ணீர் பாட்டில், தொன்னை, எச்சில் இலை. துப்புரவுப் பணியாளர்கள் நடுராத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டிருப்பார்கள். ஆட்டோக்காரர்கள் வண்டியிலேயே மடங்கிப் படுத்திருப்பார்கள். பூக்காரம்மாக்கள் மிச்சப்பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் இந்தப் பேச்சு வந்தது. காந்தி சிலைப் பக்கம் ஒரு டீக்கடையில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் தினமும் கூடுவோம். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பாத்திரக்கடைக்காரர் ஒருவர், லாட்ஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர், அஞ்சல் துறையில் 36 வருஷம் ஓட்டிய நான். அன்றைக்குப் பேச்சு ஊர் எப்படி மாற வேண்டும் என்பது.

வருவாய்த் துறைக்காரர் சொன்னார்: "காசியைப் பாருங்க சார். அந்தச் சந்துபொந்தையெல்லாம் இடிச்சுட்டு 2021-ல கங்கைக்கரை வரைக்கும் எவ்வளவு விசாலமா வழி பண்ணிட்டாங்க. நம்ம ஊருக்கும் அந்த மாதிரி வேணும். உடம்பு பெருத்தா சட்டையையும் பெருசாத் தைக்க வேணாமா?"

பாத்திரக்கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தைங்க சார், வேணாங்கல. அளவு யார் உடம்புல எடுக்கறீங்க? ஒரு ராத்திரி வந்துட்டுப் போறவன் உடம்புலயா, முப்பது நாளும் இங்கயே கெடக்கறவன் உடம்புலயா?"

லாட்ஜ்காரத் தம்பி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குப் பேச வாய் வராததற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் மாறவே கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் இருந்தவர்கள் 1,45,278 பேர். தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் வருகிறவர்கள் லட்சக்கணக்கில். இப்போது சாதாரண சனி, ஞாயிறிலேயே தரிசன வரிசை கோபுரத்துக்கு வெளியே வந்துவிடுகிறது. ஆந்திரா, தெலங்கானா வண்டிகளைப் பார்த்தால் நாம் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்றே சந்தேகம் வரும். 2024 ஆகஸ்ட் 12 முதல் நாம் மாநகராட்சி. அதே வருஷம் மே மாதத்திலிருந்து சென்னை கடற்கரையில் ஏறினால் நேராக இங்கே இறங்க ரயில். திண்டிவனம் சாலையில் புதிய பஸ் நிலையம். தேரடி வீதியில் திருப்பதி மாதிரி கான்கிரீட் சாலை. இதெல்லாம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பழைய பஸ் நிலையத்தில் மழை நாளில் ஒரு தடவை நின்றவன் சொல்ல மாட்டான்.

என் வருத்தம் வேறு. எந்தத் திட்டமும் முடிவான பிறகுதான் நமக்குத் தெரிகிறது. பிறகு கூச்சல், கோர்ட், தடை. கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். 2002-ல் நம் கோயிலை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஊரே எதிர்த்து நின்ற பிறகு அது கைவிடப்பட்டது. சுமார் பத்து வருஷத்துக்கு முன்னால் கிரிவலப் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று மரங்களில் கை வைத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கே வந்து நிறுத்தியது. 2023-ல் ராஜகோபுரத்துக்கு எதிரே சுமார் 150 கடைகளோடு வணிக வளாகம் கட்ட அறநிலையத் துறை திட்டம் போட்டது. 217 அடி கோபுரத்துக்கு முன்னால் கடைக் கட்டடமா என்று எதிர்ப்பு கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அரசு அதைக் கைவிட்டது.

மூன்று தடவையும் எதிர்த்தவர்கள் ஜெயித்தார்கள் என்று நாம் மார் தட்டிக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வணிக வளாகம் வரவில்லை, நல்லதுதான். கோபுர வாசலின் அழகு தப்பியது. ஆனால் அங்கே தரையில் கூடை வைத்துப் பூவும் அகல்விளக்கும் விற்கிறவர்களுக்கு நிழலான ஓர் இடம் வேண்டுமே, அது என்ன ஆயிற்று? திட்டம் போட்டவர்களும் அவர்களைக் கேட்கவில்லை. எதிர்த்த நாமும் கேட்கவில்லை. சண்டை முடிந்ததும் இரண்டு தரப்பும் வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் வெயிலிலேயே இருக்கிறார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு மாட வீதிக்குப் பக்கத்தில். அப்பா கட்டியது. பின்கட்டில் ஓட்டுச்சாய்ப்போடு ஒரு போர்ஷன். அதில் ஒரு பூக்காரம்மா குடியிருந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். 11 வருஷம் இருந்தார். வாடகை 600 ரூபாய். ஒரு மாசம் கூடத் தவறியதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பூ மார்க்கெட் போவார். எங்கள் வீட்டு சுவாமி படத்துக்கு ஒரு முழம் கதம்பம் அவர் கணக்கு. காசு வாங்க மாட்டார்.

2004 வாக்கில் பௌர்ணமிக் கூட்டம் பெருகியது. தெருவில் ஒவ்வொரு வீடாக அறை கட்டி வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். அந்த அம்மா ஒரு மாசத்துக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு ராத்திரிக்குக் கொடுக்க ஆள் இருந்தது. பெண்ணின் கல்யாணச் செலவு வேறு எனக்கு முன்னால் நின்றது. "வீட்டுக்கு ரிப்பேர் வேலை இருக்கும்மா, வேற இடம் பாத்துக்கங்க" என்றேன். பாதிப் பொய். அந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க ஐயா, பரீட்சை முடியற வரைக்கும் டைம் குடுங்க" என்றார். பரீட்சை முடிந்ததும் போய்விட்டார். சாய்ப்பை இடித்து, பாத்ரூம் சேர்த்து இரண்டு அறை கட்டினேன்.

அவர் போனது மலையடிவாரத்துக்கு. நடந்து பூ மார்க்கெட் போகிற தூரத்தில் அவர் கைக்கு எட்டிய வாடகை அங்கேதான் இருந்தது. அந்தத் தெருக்கள் மேலே மேலே ஏறியதை அஞ்சல்காரன் நான் கண்ணால் பார்த்தவன். முதலில் கதவு எண் மட்டும் வரும். அப்புறம் அதே எண்ணுக்கு ஏ, பி, சி. அப்புறம் எண்ணே இல்லாமல் "தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்" என்று விலாசம். ஒவ்வொரு கடிதமும் இன்னும் நாலு படி மேலே.

2024 டிசம்பர் 1 யாருக்கும் மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழை. வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக வீட்டின் மேல் இறங்கி ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து குழந்தைகள். அந்த வருஷம் தீபத்துக்கு மலையேறப் பக்தர்களை அனுமதிக்கவில்லை. பூக்காரம்மா இருந்தது வேறு தெரு. ஆனாலும் மனசு கேட்காமல் விசாரித்துக்கொண்டு போனேன். அடிவாரத்துக்காரர்களைத் தங்கவைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், பெஞ்சில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று முதலில் கேட்டது, "வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா ஐயா?"

மறுவாரம் டீக்கடையில் ஒருவர், "மலை மேல யாரு வீடு கட்டச் சொன்னது? ஆக்கிரமிப்புதானே?" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். மலை ஆக்கிரமிப்பு விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆபத்தான இடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "யார் போகச் சொன்னது" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். அரசாங்கம் ஒரு பக்கம் ஊரை மாற்றுகிறது. அதற்கு முன்பே வீட்டுக்காரர்கள் நாம் ஓசையில்லாமல் மாற்றிவிட்டோம். மாட வீதியில் இருந்த ஏழை பாழையை ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரு படி மேலே தள்ளியது.

இப்போது அவர்களைக் கீழே கொண்டு வர வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. சென்னையில் கூவம் ஓரத்து மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். அடுக்குமாடி வீடு கிடைத்தது. ஆனால் வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பல மைல் தள்ளிப் போயிற்று. பலர் வேலையை விட்டார்கள், பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். நம் ஊரில் விடியற்காலை மூன்று மணிக்குப் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு, ஊருக்கு வெளியே பத்து கிலோமீட்டரில் வீடு கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மறுபடி மலையடிவாரத்தில் ஒரு குடிசை பார்ப்பார்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. என் பெண் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து செயின்ட் பால் நகரத்தில் இருக்கிறாள். போயிருந்தபோது ஒரு நாள் ரோண்டோ என்ற இடத்துக்கு அழைத்துப் போனாள். கறுப்பின மக்கள் கடையும் தேவாலயமுமாகக் குடியிருந்த பேட்டை அது. 1956 முதல் 1968 வரை அதன் நடுவில் நெடுஞ்சாலை போட்டு, அறுநூறுக்கு மேற்பட்ட குடும்பங்களைக் கிளப்பிவிட்டார்கள். ரயில் பாதையை ஒட்டிச் சாலையைக் கொண்டு போகலாம் என்று அந்த நகரத்துப் பொறியாளர் ஒருவரே சொல்லியிருக்கிறார். எடுபடவில்லை. 2015-ல் மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இப்போது ஒரு சின்ன நினைவுச் சதுக்கம் இருக்கிறது. பக்கத்தில் பள்ளத்தில் கார்கள் பறக்கின்றன. வீட்டை இழந்தவர்களில் எத்தனை பேர் அந்த மன்னிப்பைக் கேட்க உயிரோடு இருந்திருப்பார்கள்? ஐம்பது வருஷம் கழித்துக் கேட்கும் மன்னிப்பைவிட முன்னாலேயே கேட்கும் ஒரு கேள்வி மேல் என்று அங்கே நின்றபோது தோன்றியது.

கேள்வி கேட்க இடம் இல்லையா என்றால், இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்துக்கு ஏரியா சபை என்று 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் தமிழ்நாட்டில் தொடங்கி வைத்தார்கள். வார்டு வார்டாக மக்கள் உட்கார்ந்து பேச வேண்டிய சபை. நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? வீட்டு வரி ஏறினால் டீக்கடையில் கத்துகிறோம். சபை நடக்கும் நாளில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

நான் கேட்பது மூன்றுதான். முதலாவது, எந்தத் திட்டமானாலும் டெண்டர் விடுவதற்கு முன்னால் வரைபடத்தைத் தமிழில் எழுதி அந்தந்த வார்டில் ஒட்ட வேண்டும், ஏரியா சபையில் வாசிக்க வேண்டும். யார் வீடு, யார் கடை போகிறது என்று அதில் தெரிய வேண்டும். இரண்டாவது, இடம் இழக்கிற தரைக்கடைக்காரருக்குப் புது இடத்தில் முதல் உரிமை. ஏலத்தில் பெரிய கைகள் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால் என்பது கூடாது. மூன்றாவது, மலையடிவார மக்களுக்கு மாற்று வீடு ஊருக்குள்ளேயே, நடந்து வேலைக்குப் போகிற தூரத்தில். இடம் இல்லை என்பார்கள். வண்டி நிறுத்தவும் தங்கும் விடுதி கட்டவும் இடம் கண்டுபிடிக்கிற ஊரில் அந்த விடுதியைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கு இடம் இல்லையா?

வருவாய்த் துறை நண்பரிடம் இதைச் சொன்னேன். "நீங்க சொல்றபடி எல்லாரையும் கேட்டுக்கிட்டிருந்தா எந்த வேலையும் நடக்காது சார். ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான்" என்றார். நியாயமான பயம்தான். பேச ஆரம்பித்தால் சண்டை வரும். வரட்டுமே. தை மாதம் மாட்டுப் பொங்கலன்று நம் திருவூடல் தெருவில் என்ன நடக்கிறது? அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் நடுத்தெருவில், ஊர் பார்க்கச் சண்டை போடுகிறார்கள். சுந்தரர் தூது போகிறார். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சுவாமி அன்று ராத்திரி வெளியே தங்கி, மறுநாள் கிரிவலம் போய் வந்த பிறகுதான் சமாதானம். சாமியே சண்டையை மறைக்காமல் தெருவில் வைத்துத் தீர்த்துக்கொள்கிற ஊர் இது. நாம் ஏன் பயப்பட வேண்டும்? கதவைச் சாத்திய பிறகு தூது போக ஆள் இல்லாமல் போவதுதான் ஆபத்து.

கடைசியாக என் வீட்டு விஷயம். ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. பின்கட்டு அறைகள் இரண்டில் ஒன்றை இனிமேல் பௌர்ணமிக்கு விடுவதில்லை என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். பூக்காரம்மாவைப் போய்ப் பார்த்து, பேத்தியோடு வந்து இருங்கள், பழைய வாடகையே போதும் என்றேன். ரொம்ப நேரம் பூவைக் கட்டிக்கொண்டே இருந்தார். "யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்றார். இன்னும் சொல்லவில்லை. என் பேச்சை நம்பலாமா என்று யோசிக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

அறை காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த ஏரியா சபைக்கு நான் போகிறேன். உங்கள் வார்டில் எப்போது என்று விசாரித்து நீங்களும் போங்கள்.