பதிலுக்குக் காத்திராத கேள்வி

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்கள் பயமின்றி முன்வர வேண்டும் என்று செய்தியாளர்களிடமும் பேசினார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலையில் இறந்துபோனார்.

அந்த வாரம் எங்கள் பங்கில், முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்த பலர் வரவில்லை. அவர்களில் இருவரை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒருவர், மரியாயின் சேனையைச் சேர்ந்த வயதான அம்மா. சர்க்கரை நோயாளி. "சாமி, அவருக்கே இப்படி ஆயிடுச்சே, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எப்படி நம்புறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு வருமுன்னரே, 2021 சனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அனுமதி கொடுத்தபோது, நம் நாட்டு அறிவியலாளர்களே இதைவிடக் கடுமையாகக் கேள்வி எழுப்பினார்கள். அந்த முடிவு பின்னர் வெளிவந்தது. அந்த ஆண்டு நவம்பரில் லான்செட் இதழிலும் அச்சேறியது. இந்த அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், தன் மாத்திரைகளைக் காட்டி, செவிலியரைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, கோவிஷீல்டு போட்டுக்கொண்டு வந்தார்.

மற்றவர் என் நல்ல நண்பர். "எல்லாம் கம்பெனிக்காரனும் கவர்மெண்டும் சேர்ந்து போடுற நாடகம், சாமி" என்றார். விவேக்கின் இதயத்துக்குச் செல்லும் முக்கிய இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொல்கிறார்களே என்றேன். "டாக்டர் வேற என்ன சொல்வார்?" என்று சிரித்தார். பிறகு தம் கைப்பேசியில் ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். பேசுகிறவர் யார் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அரசை நம்பாதவர், மருத்துவரை நம்பாதவர், பத்திரிகையை நம்பாதவர், பெயர் சொல்லாத ஒரு குரலை முழுமையாக நம்பினார்! தம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மே மாதக் கடைசியில் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது ஐந்து பேர்தாம் நின்றோம். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்காக இதை எழுதவும் இல்லை. அவர் கேட்ட கேள்விகளில் பாதி சரியானவை. ஆனால் எதற்கும் அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. விவேக்கின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அக்டோபரில் தெரிவித்தது. அதைக் கேட்டிருந்தாலும் அவர் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

புனித தோமாவை நாம் "சந்தேகத் தோமா" என்று கொஞ்சம் மட்டமாகவே பேசிப் பழகிவிட்டோம். காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர், எட்டு நாள்களுக்குப் பின்பும் மற்றச் சீடர்களோடு அதே வீட்டில்தான் இருந்தார். 'இவர்கள் எல்லாரும் கதை கட்டுகிறார்கள்' என்று முடிவு செய்திருந்தால் எழுந்து போயிருப்பார். அந்த எட்டு நாள்களைப் பற்றி நாம் மறையுரைகளில் பேசுவதே இல்லை. நானும் பேசியதில்லை.

2024-இல், கோவிஷீல்டு மிக அரிதாக இரத்த உறைவை உண்டாக்கக்கூடும் என்று அதை உருவாக்கிய நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. 'அன்றைக்கே சொன்னோமே' என்று பலர் பகிர்ந்தார்கள். அந்த அம்மாவும் கைப்பேசியோடு வந்தார். "இது நெசமா, சாமி?"

நெசம்தான் என்றேன். ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே இதைச் சொல்லிவிட்டது. நம் சுகாதார அமைச்சகமும் அந்த மே மாதத்தில், 26 பேருக்கு அப்படி நேர்ந்திருக்கலாம் என்று அறிவித்து, கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் வெளியிட்டது என்று விளக்கினேன்.

சிறிது நேரம் யோசித்தார். "அப்ப ஊசி போட்ட இடத்துல அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், அதைக் கேட்பதற்காக அவர் சுகாதார நிலையத்துக்கு நடந்து போனார்.