மன்னிக்கத் தெரிந்த மட்டை

கோல்ப் என்பது தனவந்தர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. 1829-ல் தோன்றிய கல்கத்தா கோல்ப் சங்கம் இன்றும் நடந்து வருகிறது. இருந்தும் நம்மில் பெரும்பாலோர் அந்த மட்டையைக் கையால் தொட்டதில்லை. பாதகமில்லை, இந்த வாரம் நாம் பேசப் புகுவது ஆட்டத்தைப் பற்றியன்று. மட்டையின் அடியிலுள்ள தலையை எப்படி வடிவமைக்கிறார்கள், அதை எப்படிச் சுலபமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதைப் பற்றியே.

கோல்ப் பந்து மிகச் சிறியது; விட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். அதை மட்டைத் தலையின் நட்டநடுவில் அடித்தால் நேராகப் போகும். சற்று விலகி ஓரத்தில் பட்டாலோ, தலை கையிலே திருகிக்கொள்ளும். பந்து புதருக்குள் போய் விழும். இந்தத் திருகலைக் குறைக்க என்ன வழி?

காவடித் தண்டின் இரு முனைகளிலும் தண்ணீர்க் குடங்களைக் கட்டித் தோளில் சுமப்பவரை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அவர் சட்டென்று பக்கவாட்டில் திரும்புவது கஷ்டம். அதே குடங்களை நடுவிலே தோளை ஒட்டிக் கட்டினால் எளிதில் திரும்பிவிடலாம். மொத்தக் கனம் ஒன்றுதான். அது இருக்கும் இடம்தான் வேறு. பௌதிக சாஸ்திரம் இதற்குக் கணக்கும் சொல்லுகிறது: நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்த எடையை 4 சென்டிமீட்டருக்குத் தள்ளி வைத்தால், திருகலை எதிர்க்கும் சக்தி இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகிறது. ஆகவே மட்டைத் தலையின் நடுவைக் குடைந்து, கனத்தை ஓரங்களுக்குக் கொண்டு போனால், ஆட்டக்காரர் செய்யும் சிறு பிழையை மட்டை பெரிதுபடுத்தாது. கோல்ப் ஆடுவோர் இதை ‘மன்னிக்கும் குணம்’ என்று அழகாகச் சொல்லுகிறார்கள்.

இந்த யோசனையைப் பிரபலமாக்கியவர் கார்ஸ்டன் ஸோல்ஹைம். 1911-ல் நார்வே தேசத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சேர்ந்தவர். செருப்புத் தைப்பவரின் மகன். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் எஞ்சினீயராக இருந்தபோது, நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் கோல்ப் ஆடக் கற்றார். பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டிவிடும் மட்டைக்குப் ‘பட்டர்’ என்று பெயர். (ஸ்ரீரங்கத்துப் பட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அது அவருக்குச் சரியாக வசப்படவில்லை. இரண்டு சர்க்கரைக் கட்டிகளுக்கு நடுவே ஐஸ் குச்சிகளை ஒட்டி, கனம் இரு முனைகளிலும் இருந்தால் எப்படியிருக்கும் என்று மாதிரி செய்து பார்த்தார். 1959-ல் கலிபோர்னியாவில் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையிலே முதல் பட்டரைச் செய்தார். அது பந்தைத் தட்டும்போது ‘பிங்’ என்று ஒலித்தது. அதுவே அதன் பெயராயிற்று. 1967-ல் உத்தியோகத்தை விட்டு, மட்டை செய்வதையே தொழிலாகக் கொண்டார்.

யோசனை கிடைத்துவிட்டது, இனிமேல்தான் உண்மையான சங்கடம். இரும்புத் தலைகளை அக்காலத்தில் பட்டறையில் பழுக்கக் காய்ச்சி, அச்சுக்கு நடுவே வைத்து இயந்திரச் சம்மட்டியால் அடித்து உருவாக்குவது வழக்கம். அடித்த பிறகு அச்சு இரண்டாகப் பிரிந்து விலக வேண்டும். ஆகையால் உள்ளே வளைந்து செல்லும் குழியோ, மறைவான பள்ளமோ அதில் அமைவது அரிது. 1961-ல் ஸோல்ஹைம் செய்த இரும்பு மட்டைகளில், அடித்து முடித்த தலைகளின் முதுகை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் குடைந்தெடுக்க வேண்டியிருந்தது. இப்படி ஒவ்வொன்றையும் தனித்தனியே குடைந்தால் நேரமும் செலவும் எங்கே போய் நிற்கும்?

அந்த முடிச்சை அவிழ்த்தது மெழுகு வார்ப்பு. நம் சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோக விக்கிரகம் வார்ப்பதும் இம்முறையில்தான். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, பிறகு மண்ணை உடைத்தெறிவது. அச்சைப் பிரிக்கவே வேண்டாம், உடைத்துவிடலாம் என்பதால் எத்தகைய வளைவும் பள்ளமும் அமையும். ஆனால் ஸ்தபதி ஒவ்வொரு மெழுகு உருவையும் கையால் புதிதாய்ச் செய்கிறார். ஆகவே அவருடைய ஒரு நடராஜரைப் போல இன்னொரு நடராஜர் இருப்பதில்லை. தொழிற்சாலையிலோ மெழுகையே உலோக அச்சில் செலுத்தி, ஆயிரம் உருவை ஒரே மாதிரி எடுக்கிறார்கள். பல் வைத்தியரும் விமான எஞ்சின் செய்வோரும் முன்பே கையாண்ட இந்த முறையை 1960-களின் முடிவில் ஸோல்ஹைம் மட்டைக்குக் கொண்டுவந்தார். குடைய வேண்டிய பள்ளம் வார்ப்பிலேயே அமைந்துவிட்டது. ஒரு பெரிய வேலை மிச்சமாயிற்று.

ஆயினும் வார்ப்புக்காரருக்கும் வரைபடக்காரருக்கும் ஒரு வழக்கு உண்டு. ஓரத்திலே கட்டியாகக் கனம் வேண்டும் என்கிறார் ஒருவர். கட்டியான பாகம் கடைசியில்தான் உறையும், உறையும்போது சுருங்கி உள்ளே பொந்து விழும் என்கிறார் மற்றவர். மெல்லிய இடமும் தடித்த இடமும் கூர்மையான மூலையில் சந்தித்தால் அங்கே விரிசல் காணும். ஆகையால் நல்ல வடிவத்தில் தடிமன் படிப்படியாக மாறும், மூலைகள் உருண்டையாயிருக்கும், உருகிய உலோகம் நுழையும் வாய், தடித்த பாகத்தை ஒட்டியே அமையும். வார்ப்புக்காரரின் கவலையை வரைபடக்காரர் முதல் கோட்டிலேயே தம் கவலையாகக் கொள்ள வேண்டும்.

இன்னும் கனம் வேண்டுமென்றால் டங்ஸ்டன் உதவுகிறது. இரும்பைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ளது. ஆனால் உருகுவதற்கு 3,400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு கேட்கும். எஃகுடன் சேர்த்து உருக்கி வார்க்க இயலாது. ஆதலால் டங்ஸ்டன் பொடியை அழுத்திச் சுட்டுக் கட்டியாக்கி, தலையில் விட்டுவைத்த குழியிலே பொருத்துகிறார்கள்.

இந்தக் குழியில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. வார்ப்பு எவ்வளவு சீராக இருந்தாலும் தலைக்குத் தலை சில கிராம் ஏறக்குறைய இருக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் அரத்தால் ராவி ஒரே எடைக்குக் கொண்டுவருவது வீண் பிரயாசை. அதற்குப் பதிலாக, தலைகளைச் சற்றுக் குறைந்த எடையிலேயே வார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் நிறுத்து, குறைகிற எடைக்குத் தக்க திருகாணியைக் குழியில் முடுக்கிவிட்டால் தீர்ந்தது. பிழையே வராமல் தடுக்க முயலாமல், வரும் பிழையைத் திருத்த ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறார்கள். ஆட்டக்காரரை மன்னிக்கும் மட்டை, செய்கிறவரையும் மன்னிக்கிறது!

அடித்துச் செய்த மட்டையின் ஸ்பரிச சுகம் வார்ப்பில் இல்லை என்று சொல்லும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய கை ஞானத்தை நாம் மறுக்கவில்லை. அத்தகைய மட்டைகளும் இன்று வரை விற்பனையாகின்றன. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் ஆடப் புகுந்து, பந்தை நடுவில் அடிக்கத் தெரியாமல் திண்டாடுகிறவர்களுக்கும் ஒரு மட்டை வேண்டுமல்லவா? அது அவர்கள் கைக்கு எட்ட வேண்டுமானால் சுலபமாகச் செய்யக்கூடியதாயிருக்க வேண்டும்.

நம் கலாசாலைகளில் எஞ்சினீயரிங் படிக்கும் பிள்ளைகள் காகிதத்தில் வெகு நேர்த்தியாகப் படம் போடுகிறார்கள். போட்ட படத்தை எடுத்துக்கொண்டு ஒரு வார்ப்படப் பட்டறைக்குப் போய், “இதைச் செய்ய முடியுமா, ஐயா?” என்று அங்கே வேலை செய்கிறவரை ஒரு வார்த்தை கேட்டு வரட்டும். அவர் தலையை ஆட்டி மறுத்தாரானால் அதுவும் ஒரு பாடம்தான்.