மருந்தை வாபஸ் வாங்கினால் விஞ்ஞானம் பொய்யா?

"இன்று மருந்தென்கிறார்கள், நாளை இல்லையென்கிறார்கள், இதுவா விஞ்ஞானம்? தெய்வ வாக்கு என்றைக்காவது மாறியதுண்டா?" என்று ஆஸ்திகர்கள் சிலர் பரிகாசம் செய்கிறார்கள்.

சங்கதியைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோயில், ஹார்மோன் மருந்துக்கும் ஹெர்2 மருந்துக்கும் மசியாத வகை ஒன்றுண்டு. அந்தப் புற்றணு, நோயை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்களை ஏய்த்து அடக்கிவைக்கிறது. அந்த ஏய்ப்பை முறிக்கும் மருந்தே அடெசோலிசுமாப். அதனோடு, பாக்ளிடாக்செல் என்ற மருந்தை அல்புமின் புரதத்தில் ஏற்றி, மயிரிழையின் கனத்தில் பல நூற்றில் ஒரு பங்கான, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கி, நோய் முற்றிய சிலருக்குக் கொடுக்க 2019இல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. மேலும் சோதித்து ருசுப்படுத்த வேண்டுமென்று நிபந்தனையும் போட்டது. சாதாரண பாக்ளிடாக்செலோடு சேர்த்துச் செய்த மறு சோதனையில் பலன் ருசுவாகவில்லை. 2021இல் அந்த உபயோகத்தை அந்நாட்டில் கம்பெனியே வாபஸ் வாங்கியது. அதே வருஷம், சோதனையில் தேறிய பெம்ப்ரோலிசுமாபுக்குப் பூரண அனுமதி கிடைத்தது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ருசுவாகாததை விட்டுவிடுவதல்லவா யோக்கியதை? தாயத்தையும் மந்திரித்த திருநீற்றையும் எவன் சோதித்தான்? பலிக்காதபோது எவன் வாபஸ் வாங்கினான்? நோயாளி செத்தால் தலைவிதி என்கிறான். பிழைத்தால் காணிக்கை கேட்கிறான்! சோதனைக்கே வராத வாக்கு எப்படி மாறும்?

ஆகவே, மார்பில் கட்டி தட்டுப்பட்ட பெண்களை வேண்டுதலிலும் வெட்கத்திலும் காலங்கழிக்க விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்ளும் வைத்தியத்தையே நம்புங்கள்!