தோட்டத்து வாசலில் விற்கும் காப்பி

சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர், 1820-ஆம் வருஷத்தை அடுத்த காலத்தில் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையவர்களால் கொண்டுவரப்பட்டதென்பது பலரும் அறிந்த விஷயம். இரண்டு நூற்றாண்டுகள் சென்றும், இம்மலையின் காப்பியை இன்னார் தோட்டத்தில் விளைந்ததென்று அறிந்து குடிப்பவர் மிகச் சிலரே. பழமோ உலர்ந்த செர்ரியோ மூட்டையாக வியாபாரியிடம் போகிறது. தோட்டக்காரரின் பெயரும் அத்துடன் மறைந்துவிடுகிறது. வாழவந்தி முதலிய மலைக்கிராமங்களிலுள்ள குடும்பத் தோட்டக்காரர்கள், தங்கள் விளைவில் ஒரு சிறு பகுதியையாவது தாங்களே பக்குவஞ் செய்து, தோட்டத்தைப் பார்க்க வருபவர்களுக்கு வாசலிலேயே விற்க முன்வரவேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

இது புதிய யோசனையன்று. ஆஸ்திரியா தேசத்தில் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி 1784-இல் பிறப்பித்த உத்தரவின்படி, குடியானவர்கள் தாங்கள் விளைவித்த திராட்சரசத்தைத் தங்கள் வீட்டிலேயே விற்கும் உரிமை பெற்றார்கள். சரக்கு உள்ள நாட்களில் வாசலில் ஒரு மரக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். வியன்னா நகரத்தார் அதைக் கண்டு தோட்டத்தைத் தேடிச் செல்வது இன்றளவும் நடந்துவருகிறது. நம் தேசத்திலும் நாசிக்குக்கு அருகே ராஜீவ் சாமந்த் என்பவர் குடும்ப நிலத்தில் திராட்சை பயிரிட்டுத் தொடங்கிய சூலா ஆலை, 2005-இல் பார்வையாளருக்கென்று தனிக் கூடம் திறந்து பிரசித்தி பெற்றது. 1937 அக்டோபர் முதல் தேதியன்று மதுவிலக்கை முதன்முதலாக ஏற்ற சேலம் ஜில்லாவில் நான் திராட்சரசத்துக்குப் பரிந்து பேசவில்லை. விளைவித்தவரே விருந்தினரை வரவேற்று, செய்முறையைக் காட்டி, தம் பெயரால் விற்கும் அம்முறையை மாத்திரம் நமது காப்பிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

அதற்குரிய சுதந்திரமும் நமக்கு உண்டு. 1942-ஆம் வருஷத்துக் காப்பிச் சட்டத்தின் கீழ், விளைந்த காப்பியைப் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்கும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. 1990-க்குப் பின் அது படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முற்றிலும் நீங்கிற்று. அது முதல் தோட்டக்காரர் தம் சரக்கைத் தாம் விரும்பியவருக்கு விற்கலாம். இந்தியாவின் காப்பித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 25 ஏக்கருக்கு, உட்பட்டவையே. ஆகையால் இவ்வுரிமை சிறு தோட்டக்காரருக்கே மிகுதியும் பயன்பட வேண்டியது.

இதன் அனுகூலத்தை ஒவ்வொருவரும் தாமே கணக்கிட்டறியலாம். அராபிகா வகையில் சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ சுத்தமான கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது எடையில் நூற்றுக்கு 15 முதல் 20 பாகம் வரை குறையும். எனவே 1 கிலோ தூளுக்கு 7 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான பழம் வேண்டும். அந்தப் பழத்துக்கு வியாபாரி கொடுக்கும் விலையை ஒருபுறமும், சுத்தமான காப்பித்தூளின் கடை விலையை மறுபுறமும் எழுதி, கூலி, விறகு, அரைவை, பை ஆகியவற்றின் செலவைக் கழித்துப் பார்க்கவும். மிஞ்சுவது இப்போது யார் கைக்குப் போகிறதென்பது அப்போது விளங்கும்.

ஆனால் சரக்கு மட்டமாயிருப்பின் விருந்தினர் மறுமுறை வாரார். நன்கு சிவந்த பழத்தை மாத்திரம் பறித்து, அன்றைக்கே பல்ப்பரில் தோல் நீக்கிடல் வேண்டும். பின் தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் வரை புளிக்கவிடுக. குளிர் மிகுந்தால் நேரம் கூடும். கையால் தேய்க்கையில் வழவழப்பு நீங்கிப் பருக்கைக் கல்போல் நெருடுவதே கழுவுவதற்குரிய பதம். இட்லி மாவு அளவு கடந்து புளித்தால் எப்படிக் கெடுமோ அப்படியே காப்பியும் கெடும். கழுவிய பார்ச்மெண்டுக் காப்பியை மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, ஈரம் நூற்றுக்குப் பத்து அளவாகும் வரை உலர்த்தல் அவசியம்.

ஏற்காட்டுக்குக் கோடைவிழாக் காலமாகிய மே மாதத்தில் ஜனங்கள் திரளாக வருகிறார்கள். பறிப்பு நடப்பதோ நவம்பர் முதல் ஜனவரி வரையில். ஆகவே மே மாதத்தில் வருபவர்களுக்கு வறுப்பதையும் அரைப்பதையும் காட்டி ஒரு குவளை காப்பி கொடுப்பதே போதும். பறிப்பையும் தொட்டி வேலையையும் காண விரும்புவோரைப் பனிக்காலத்தில் வரும்படி சொல்லி அனுப்பலாம். இவ்வாறு வருஷத்தில் இரண்டு பருவங்களில் விற்பனை உண்டாகும்.

அந்நியர் வந்தால் செடி மிதிபடும், வேலை கெடும் என்று சிலர் ஆட்சேபிப்பதுண்டு. பாதை ஒன்றை வரையறுத்து, வீட்டார் ஒருவர் கூடவே சென்றால் அந்தக் கஷ்டம் குறையும். தூளை விற்க உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளல் வேண்டும். சிக்கரி கலந்திருந்தால் அதைப் பையின் மேல் தெரியச் சொல்லுதல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் கடமையுண்டு. தோல் நீக்கிய கழிவுநீரை ஓடையில் விட்டால் கீழேயுள்ள ஊர்களின் குடிநீர் கெடும். அந்நீர் தனிக்குழியில் விழும்படி செய்வதும், வருகிறவர்கள் குப்பையை எறிந்து செல்லாமல் தடுப்பதும் ஊர்ப் பொறுப்பேயாம்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. விருந்தினர் வருகிறார்களென்று நிழல் மரங்களை வெட்டித் தங்கும் விடுதி கட்டுவது பெருந் தவறு. வெயில் படும் தண்டையே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் நாடுவதால், நிழல் போனால் அராபிகாச் செடியும் போகும். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மர நிழலைத் தேடியே பட்டணத்தார் இம்மலைக்கு வருகிறார்கள். அதை அழித்தபின் அவர்களுக்குக் காட்ட என்ன இருக்கும்? மாளிகை கட்டுவோருக்கு நிலத்தை விற்றால் ஒருமுறை பணம் வரும். அந்நிலத்தையே பேணி அதன் காப்பியைத் தம் பெயரால் விற்கும் குடும்பத்துக்கு வருஷந்தோறும் வரும். வருகிற பறிப்பில் நூறு கிலோ பழத்தையாவது இதற்கென ஒதுக்கிப் பரீட்சித்துப் பார்க்கும்படி தோட்டக்காரர்களை வேண்டிக்கொள்கிறேன்.