கழிவும் தீவனமும்

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசாங்கம் தடை செய்தது. அவ்வாண்டிலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், பயிர்த்தாளின் நார்ப்பொருளான செல்லுலோஸை ஆமணக்கெண்ணெயுடன் ரசாயன முறையில் இணைத்து, மக்கும் பிளாஸ்டிக் ஒன்றை ஆக்கினர். செல்லுலோஸின் விகிதத்தை மாற்றினால் அதன் வளையுந்தன்மையும் மாறும். பை, கிண்ணம் முதலியன செய்யலாம்.

முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் தாளெல்லாம் கழிவாகாது. நெல் வைக்கோலும் கேழ்வரகுத் தாளும் கர்நாடகத்தில் மாட்டுத் தீவனம். ஆலைகள் அவற்றை வாங்கத் தொடங்கின் தீவன விலை ஏறும். மாடு வைத்துப் பிழைக்கும் ஏழைகளே முதலில் வருந்துவர். ஆகவே, வயலில் தீக்கிரையாகும் கரும்புத் தோகை போன்றவற்றையே முதலில் நாடுதல் வேண்டும். அவற்றிலும் செல்லுலோஸ் உண்டு. எது எரிகிறது, எது தீவனமாகிறது என்பதைக் கிராம ஊழியரும் ஆசிரியரும் ஊர்தோறும் கணக்கெடுத்தால், ஆராய்ச்சி நல்வழியிற் செல்லும்.